நிரோஷாவுக்கு நான் போட்ட அரைப்பேர்

சென்ற மாதம் ஓய்வூதியக் கடிதமொன்றில் கையெழுத்து வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மிஸ், இந்த முறை ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் ரெண்டு பேர் வர்றாங்க. நீங்க முந்தி ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருந்தீங்களாமே, அது கிடைக்குமா?" என்று கேட்டார்.

அந்தப் பட்டியல் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. நானே தட்டச்சு செய்து, நானே கையெழுத்துப் போட்டு, நானே மெச்சிக்கொண்ட பட்டியல் அது. மொத்தம் பதினொரு விடயங்கள். ஆனால் தரமாட்டேன். ஏன் தரமாட்டேன் என்று அன்றைக்கு நின்ற நிலையில் சொல்ல முடியவில்லை, பஸ் வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது வேலை செய்யும் மாடிக் கட்டடம் அப்போது இல்லை. தேயிலைக்கு நடுவே தகரக் கூரை போட்ட நான்கு கட்டடங்கள், மேட்டில் விடுதி, பள்ளத்தில் சமையல் நடக்கும் குசினி, நடுவில் ஒரு முற்றம். அவ்வளவுதான் கல்லூரி. நில அளவையும் படவரைதலும் படிக்கும் இரண்டு வருட டிப்ளோமா. நான் மாணவர் நலனுக்குப் பொறுப்பான விரிவுரையாளர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும் காதல் என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

காலை ஏழரைக்கு எல்லோரும் முற்றத்தில் கூட வேண்டும். விதிப் புத்தகத்தில் அதற்குக் காலைக் கூட்டம் என்று பெயர். பிள்ளைகள் பெரட்டு என்பார்கள். தோட்டத்தில் விடிந்ததும் தொழிலாளர்களைக் கூட்டி, பெயர் வாசித்து, இன்னாருக்கு இந்த மலையில் இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவார்கள் அல்லவா, அந்தப் பெரட்டு. நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள், நானும் அப்படித்தான். ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள் ஒரு பெட்ச், ஒவ்வொரு பெட்சுக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் கையில் ஓர் அட்டையோடு நின்று பெயரையும் அன்றைய வேலையையும் வாசிப்பார். ஒருவர் மண்டபம் கூட்ட வேண்டும், ஒருவர் குசினிக்குப் போக வேண்டும், ஒருவர் அறிவிப்புப் பலகை எழுத வேண்டும். பெயர் வந்ததும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். யார் தொடங்கி வைத்த பழக்கமோ தெரியாது, நான் வேலைக்கு வரும்போதே இருந்தது.

நிரோஷா டயகம பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தாள். அப்போது இருபது வயது. கூட அம்மா வந்திருந்தார், தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கையில் ஓட்டிசம் என்று எழுதிய ஆஸ்பத்திரிக் கடிதம். நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது வெளியே மணி அடித்தது. நம்முடைய மணி எதுவென்று உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் அதே தண்டவாளத் துண்டுதான் தொங்குகிறது. அது அடித்த அடியில் நிரோஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலிக்குக் கீழே குந்திவிட்டாள். அம்மா பதறவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தானும் குந்திக்கொண்டு, "திடீர்னு சத்தம் வந்தா தாங்கமாட்டா மிஸ். மத்தபடி எல்லாம் செய்வா" என்றார்.

முதல் பாதி எனக்குக் கேட்டது. "மத்தபடி எல்லாம் செய்வா" என்ற பாதி என் காதில் ஏறவேயில்லை.

அன்றைக்கே பட்டியல் போட்டேன். காலைக் கூட்டத்துக்கு வரத் தேவையில்லை. வேலை அட்டையில் பெயர் வேண்டாம். குழுவேலை வேண்டாம். விளையாட்டு வேண்டாம். வாணி விழா வேண்டாம், அங்கே மேளம் இருக்கும். சாப்பாடு மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பாகத் தனி மேசையில். தனி அறை. பரீட்சைக்குத் தனி இடம். இப்படிப் பதினொன்று. அதிபர் படித்துவிட்டு என்னைப் பாராட்டினார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள். என் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது, மறைப்பானேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருவதுபோல நிரோஷாவுக்கு விசேஷத் திறமை ஏதாவது இருந்து, கடைசியில் கல்லூரி முழுக்க அசந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவள் சுமாராகப் படிப்பாள். வரைபடத்தில் கோடு நேராக வரும், கணக்கில் அறுபது வரும். கேட்ட கேள்வியையே இன்னொரு தடவை கேட்பாள். உங்கள் சேலை கசங்கியிருந்தால் கசங்கியிருக்கிறது என்று சொல்லுவாள். அவ்வளவுதான் நிரோஷா.

முதல் மாதத்திலேயே ஒன்றைப் பார்த்தேன். தினமும் பெரட்டு நேரத்தில் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்பாள். ஒரு காதைப் பொத்தியிருப்பாள், மற்றது திறந்திருக்கும். கடைசிப் பெயர் வாசித்து முடிந்ததும் போய்விடுவாள். பாவம், சத்தத்துக்குப் பயந்து ஒளிந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "நீ இங்க வரத் தேவையில்ல மகள், லைப்ரரில போய் இரு" என்று முதுகைத் தட்டி அனுப்பினேன். அடுத்த நாளும் நின்றாள், அடுத்த நாளும் அனுப்பினேன். பயந்தவள் ஏன் சத்தம் இருக்கும் இடத்துக்கே தினமும் வர வேண்டும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. பார்வையிட வருபவர்களுக்குப் பட்டியலை விளக்கும் வேலை இருந்தது.

ஐந்து மாதம் போனது. பெட்சுக்கு டீ சேர்ட் அடித்தார்கள். அந்த வழக்கம் உங்கள் காலத்திலும் உண்டுதானே, முதுகில் பெட்சில் உள்ள எல்லோருடைய பெயரும் வரிசையாக இருக்கும். பெட்ச் தலைவன் பிரதீப் ஹட்டனுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல பையன், வாய் கொஞ்சம் அதிகம். ஒவ்வொருவர் அளவும் பார்த்து அவனே கொடுத்தான். நிரோஷாவுக்கும் கொடுத்தான். அவள் விரித்து, முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை வாசித்தாள். மடிப்புக் கலையாமல் மடித்து, "இது என்னுது இல்ல" என்று அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒன்னோட சைஸ்தான்" என்றானாம் பிரதீப்.

"முப்பத்தொரு பேர் இருக்கு. பெட்சுல முப்பத்திரண்டு பேர்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பிற்பகல் பிரதீப் என் அறைக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. "வேணும்னு செய்யல மிஸ். வேலை அட்டையப் பார்த்துத்தான் டைப் பண்ணினேன். அவ பேரு அட்டையில இல்ல மிஸ்."

அட்டையில் இல்லைதான். எடுக்கச் சொன்னவள் நான்.

மறுநாள் காலை அதிபர் என்னை அழைத்தார். மேசையில் கோடு போட்ட தாளில் ஒரு கடிதம். நேரான எழுத்து, ஓர் அடித்தல்கூட இல்லை. "நான் கல்லூரியை விட்டு விலகுகிறேன். காரணம்: ஐந்து மாதமாக எனக்கு அரைப்பேர் போடப்படுகிறது. இப்படிக்கு, எம். நிரோஷா."

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். பத்து வருடம் மலையில் இருந்தும் தோட்டத்துப் பேச்சு அவருக்கு அரைகுறைதான். "மிஸ், இதென்ன அரைப்பேர் எண்டு எழுதியிருக்கு? எனக்கு விளங்கேல்லை" என்றார்.

நான் வழக்கம்போல விளக்கத் தொடங்கினேன். "கொழுந்து எடுக்குறவங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோன்னு இருக்கு சேர். அதுக்குக் குறைஞ்சா அன்னைக்கு முழு நாள் வேலை செஞ்சதா எழுதமாட்டாங்க. அரை நாள்னுதான் எழுதுவாங்க. அதத்தான் அரைப்பேருன்னு சொல்றது."

"பகல் முழுக்க நிண்டு வேலை செய்தாலுமோ?"

"ஆமா சேர். பகல் முழுக்க மழையில நின்னாலும்."

சொன்னேன். சொல்லும்போதே என் அம்மா அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டுக்கு வரும் கோலம் கண் முன்னால் வந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். குறைந்த காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "நானும் அங்கனதானே நின்னேன்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அந்த வீட்டில் வளர்ந்த நான், தொட்டிக்குப் பின்னால் ஐந்து மாதம் நின்ற ஒருத்தியைப் பார்த்தும், அவள் தன் பெயரைக் கேட்கத்தான் நிற்கிறாள் என்று அறியாமல் இருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

சேதி கேட்டுப் பத்து மணிக்கு அம்மா வந்தார். நிரோஷா பையோடு தயாராக நின்றாள். பதினொன்றரைக்கு டயகம பஸ். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும். அம்மாவோ எங்களைக் குறை சொல்லவும் முடியாமல், மகளை விட்டுக்கொடுக்கவும் முடியாமல் தவித்தார். "இவ்வளவு செஞ்சிருக்கீங்க மிஸ், நாங்க ஒன்னு சொன்னா நல்லாயிருக்காது. ஆனா இவ ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டா அப்புறம் எங்கயும் போகமாட்டா. ஸ்கூல்லயும் அப்படித்தான், ரெண்டு வருசம் வெளிய வரல. இப்பத்தான் கெஞ்சிக் கூத்தாடி இங்க கொண்டாந்து விட்டேன்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிபர் நல்ல மனுசன், உடனே ஒரு வழி சொன்னார். "புதுசா சேர்ட் அடிப்பம். நாளைக்கு முழுக் கல்லூரியையும் கூப்பிட்டு, பிள்ளையை மேடையில ஏத்தி, மன்னிப்புக் கேட்டு, எல்லாரும் கை தட்டுவம்."

எனக்கும் அது பிடித்துவிட்டது. தலையாட்டப் போனேன். தற்செயலாக நிரோஷாவைப் பார்த்தேன். கை தட்டுவம் என்ற சொல்லுக்கே அவள் கைகள் காதுக்குப் போய்விட்டிருந்தன. பழைய பட்டியலுக்குப் பன்னிரண்டாவதாக ஒன்று சேர்க்கப் பார்த்திருக்கிறோம், அவளைக் கேட்காமலே.

"நிரோஷா, உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

ஐந்து மாதத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். நேரம் போனது. கேள்வி விளங்கவில்லையோ என்று நான் வேறு விதமாகக் கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைத் தொட்டார். "கொஞ்சம் பொறுங்க மிஸ். யோசிக்கிறா."

பொறுத்தேன். அதிபர் பேனாவை டிக் டிக்கென்று அழுத்துவதை நிறுத்தினார்.

"அட்டையில என் பேரு வேணும்" என்றாள்.

"என்ன வேலையோட?"

"மணி அடிக்கிற வேலை."

அதிபரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "மணிச் சத்தம் உனக்கு ஆகாதே மகள்?"

"எப்ப வரும்னு தெரியாது, அதுனாலதான் ஆகாது. ஒரு நாளைக்கு ரெண்டு நிமிசம் முந்தி அடிக்கிறாங்க, ஒரு நாளைக்கு நாலு நிமிசம் பிந்தி அடிக்கிறாங்க. நான் அடிச்சா எனக்குத் தெரியும்."

"இத ஏன் அஞ்சு மாசமா சொல்லல?"

"நீங்க கேட்கல."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். நான் மேசை லாச்சியிலிருந்து பட்டியலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், பேனாவையும் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வாசித்து வெட்டினாள். காலைக் கூட்டம் வெட்டு. குழுவேலை வெட்டு. தனிச் சாப்பாடு வெட்டு, ஆனால் பக்கத்தில் "மூலை மேசை" என்று எழுதினாள். பரீட்சைக்குத் தனி இடம், அது வேண்டும். தனி அறையும் வேண்டும். மேளத்தில் கொஞ்ச நேரம் யோசித்து, "தள்ளி நின்னு பார்க்கிறேன்" என்றாள். கடைசியில் பதினொன்றில் நான்கு மிஞ்சின.

"நாளைக்குக் காலமை எல்லாருக்கும் முன்னால ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?" என்று அதிபர் மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் நடுமுற்றத்தில் குந்திவிட்டால், யாராவது ஒரு மடையன் சிரித்துவிட்டால், அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரிக்கும் போகமாட்டாள். நான் பொறுப்பு என்றேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்காதீர்கள், வெட்கத்தில் சொன்னது.

அம்மா அன்றைக்கு பஸ் ஏறவில்லை, விடுதியில் மகளோடு தங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை முற்றம் முழுக்கப் பனிமூட்டம். தொட்டிக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்து எனக்குப் பக்கென்றது. பார்த்தால் நிரோஷா இல்லை, அவள் அம்மா. நிரோஷா வரிசையில் கடைசியாக நின்றாள். பிரதீப் அட்டையோடு வந்து வாசிக்கத் தொடங்கினான். பெயர்கள் போயின, "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல்கள் வந்தன.

"எம். நிரோஷா, மணி."

பதில் இல்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. பிரதீப் என்னைப் பார்த்தான். "இருக்கா" என்று நான் சொல்லிவிடலாம், ஒரு நொடியில் எல்லோருடைய சங்கடமும் தீர்ந்துவிடும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மையில் என் முப்பது வருட வேலையில் மிகக் கஷ்டமான வேலை எதுவென்று கேட்டால், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். தொட்டிப் பக்கம் பார்த்தேன். அம்மா பொறுங்கள் என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினார்.

"இருக்கேன்!"

தேவைக்கு மேல் இரண்டு மடங்கு சத்தம். கீழே குசினியில் கரண்டி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவுமில்லை. பிரதீப் முந்தின நாளே எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னைக்குக் குழாயில தண்ணி வராது, வாளி கொண்டு போங்க" என்று அடுத்ததை வாசித்தான். ஏழே முக்காலுக்கு நிரோஷா தண்டவாளத்தை அடித்தாள். தொட்டிக்குப் பின்னால் அந்தத் தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், பனி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சேர்ட்டைத் திரும்ப அடிக்க அவள் சம்மதிக்கவில்லை. "துணி நல்லாத்தானே இருக்கு" என்றாள். அதனால் முப்பத்தொரு பேரும் மார்க்கர் பேனா வாங்கி, அவரவர் சேர்ட்டில் அவரவர் கையால் கடைசிப் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினார்கள். நிரோஷா ஒவ்வொன்றாகப் பார்வையிட்டாள். கோணலாக எழுதிய இரண்டு பேரிடம் கோணல் என்று சொன்னாள். தன் சேர்ட்டில் தானே எழுதிக்கொண்டாள், நேர்கோட்டில்.

அதன்பிறகு எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு நாள் மலையில் குழுவாக அளந்துகொண்டிருந்தபோது காற்றும் மழையும் பிடித்துக்கொள்ள, நாடாவைப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு விடுதிக்கு நடந்துவிட்டாள். குழுவில் இருந்தவர்கள் முழுவதும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. பிரதீப் அவளோடு சண்டை போட்டான். அவளும் திருப்பிப் போட்டாள். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் முறைப்பாடு கொண்டுவந்தார்கள். வெளியே கண்டிப்பாக இருந்தேன், உள்ளுக்குள் சந்தோஷம். முதல் ஐந்து மாதம் அவளோடு யாரும் சண்டைகூடப் போட்டதில்லை. கடைசியில் அவர்களே பேசி, மழை வந்தால் அவள் நாடா பிடிப்பதில்லை, குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்தார்கள்.

இன்னொரு நாள் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. பத்தரைக்குத் தேநீர் மணி. நிரோஷா பத்தரைக்கு அடித்தாள். அவள் அடித்தால் பத்தரைதான் என்று ஊருக்கே தெரியும், பிள்ளைகள் ஒரே ஓட்டமாகக் குசினிக்குப் போய்விட்டார்கள். அதிபர் என்னை முறைத்தார். நான் பிஸ்கட் தட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன்.

இப்போது அவள் வலப்பனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருக்கிறாள். அங்கேயும் காலையில் நிமிடம் தவறாமல் கதவு திறப்பது அவள்தான் என்று கேள்வி.

வரப்போகும் இரண்டு பிள்ளைகளுக்கும் என் பட்டியலைக் கேட்டீர்கள். ஒருத்திக்கு மணி பிடித்தது என்பதற்காக அவர்கள் கையிலும் சுத்தியலைக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களுக்கு என்ன வேண்டுமென்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு அதுதான் வராமல் போனது.

போன வாரம் நுவரெலியாச் சந்தையில் கரட் வாங்கப் போனேன். லொறியொன்றிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன், "மிஸ்!" என்று ஓடி வந்தான். பிரதீப்தான், தொப்பை வைத்துவிட்டது, தன் மச்சானின் லொறிக்குக் கைகொடுக்க வந்திருந்தான். அழுக்கு வேலைக்கென்று அந்தப் பழைய பெட்ச் சேர்ட்டைப் போட்டிருந்தான். அவன் மூட்டைக்குத் திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். அச்சடித்த பெயர்களில் பாதி உரிந்துபோயிருந்தன. கீழே கையால் எழுதிய ஒன்று மட்டும் நேற்று எழுதியதுபோலக் கறுப்பாக இருந்தது.

"இது மட்டும் எப்படிடா அழியல?" என்றேன்.

"அழியும் மிஸ். நான்தான் திரும்பத் திரும்ப எழுதுறேன். வருசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவா. எப்படி இருக்கேன்னு எல்லாம் கேட்கமாட்டா. 'என் பேரு அழிஞ்சிருச்சா'ன்னு மட்டும் கேட்பா. அழிஞ்சிருந்தா எழுதி போட்டோ அனுப்பணும்."

"உனக்கு மட்டுமா?"

"முப்பத்தொரு பேருக்கும் மிஸ்" என்றான் மூட்டையைத் தூக்கியபடி. "ஒருத்தனையும் விடமாட்டா."